அணைத்தாலும் அணையாத மஞ்சள் விளக்கு

வீட்டிலே விளக்கெரிவது மங்கலம் என்பார்கள். ஆனால், மோட்டார் வண்டியின் முன்பலகையிலே ஒரு சிறு மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிவிட்டால், அந்த வீட்டிலே அன்றிரவு எவருக்கும் நித்திரை வராது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். சத்தத்திலும் பெரிய மாற்றம் இராது. ஆயினும், எஞ்சினின் உருவத்தைச் சிறுபிள்ளை வரைந்தாற்போல வரைந்து வைத்திருக்கும் அந்த விளக்கு, கடன்காரன் வாசலில் நிற்பதுபோல, கண்ணெதிரே நின்றுகொண்டே இருக்கும். என்ன குற்றம் என்று சொல்லாது. குற்றம் உண்டு என்பதை மட்டும் சொல்லும்.

இவ்விளக்கைப் பற்றி எமது ஞாயிறு வாசகர்களுக்கு, அதிலும் குறிப்பாகக் குடும்பக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் தாய்மாருக்கு, நாம் எழுத எண்ணியமைக்குக் காரணம் ஒரு பிக்கப் வண்டி. அதன் சொந்தக்காரர் எமக்கு நெடுநாட் பழக்கமானவர். நுவரெலியாவுக்கு அண்மையிலே மனைவியும் அவரும் ஒரு சிறு பலசரக்குக் கடை நடத்தி வருகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் வெறும் வண்டியோடு கண்டிக்கு இறங்கி, அரிசி, மா, தேங்காய், பருப்பு என்று ஏறத்தாழ 1,000 கிலோ பாரத்தை ஏற்றிக்கொண்டு மீண்டும் மலையேறுவார்கள். வண்டி ஓடினால் கடை ஓடும். வண்டி நின்றால் அடுப்பும் நிற்கும். அவ்வளவுதான் அவர்களுடைய பொருளாதாரம்.

அந்த வண்டியிலே மஞ்சள் விளக்கு எரிந்தது. கராஜுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு சிறிய கணினிக் கருவியைச் செருகி, ஏதோ இலக்கத்தைப் பார்த்து, காற்று வடியை மாற்றி, விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். நான்கு நாட் கழித்து றம்பொடை ஏற்றத்திலே விளக்கு மறுபடியும் எரிந்தது. இன்னொரு கராஜ். அங்கே புகையைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் வால்வைக் கழற்றி, கரியைச் சுரண்டித் துப்புரவாக்கி, விளக்கை அணைத்தார்கள். ஒரு வாரம் சென்றது, விளக்கு எரிந்தது. மூன்றாவது இடத்திலே தீர்ப்பு வேறு விதமாக இருந்தது. "டர்போ போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்" என்றார்கள். விலையைக் கேட்டதும் கணவர் ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டாராம். மனைவி தன் கைவளையல்கள் நான்கையும் கழற்றி அடகு வைக்க ஆயத்தமானார்.

இந்த நாட்டிலே ஒரு பழைய வண்டியைக் காப்பாற்றுவதற்கு மக்கள் ஏன் இத்தனை பாடுபடுகிறார்கள் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இலேதான் மீண்டும் கதவு திறந்தது. இடையிலே 2022 இல் ரூபாவின் மதிப்பு சரிந்தது. உதிரிப்பாகத்தின் விலையும் வண்டியின் விலையும் எங்கே போய் நின்றன என்பதை வீதியிலே போகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

விளக்கு பிறந்த கதை

வேடிக்கை என்னவென்றால், இந்த விளக்கு எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்ததன்று. மனிதருடைய மூச்சைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்தது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்திலே 1943 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் கவிந்தது. உலக யுத்த காலம். எதிரிகள் நச்சுப் புகை வீசிவிட்டார்களோ என்று சனங்கள் அஞ்சினர். அது எங்கிருந்து வருகிறது என்ற இரகசியத்தைப் பின்னர் அவிழ்த்தவர் ஹாகன்-ஸ்மிட் என்ற ஒல்லாந்து தேசத்து இரசாயன அறிஞர். அவர் அதற்கு முன்பு செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி என்ன தெரியுமோ? அன்னாசிப் பழத்துக்கு அந்த வாசனையும் சுவையும் எதனால் வருகின்றன என்பது! பழத்தின் வாசனையைப் பிடித்த அதே முறையால் நகரத்தின் காற்றைப் பிடித்துப் பார்த்தார். மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் கக்கும் புகை, சூரிய ஒளியிலே மாற்றமடைந்து ஓசோன் முதலான வாயுக்களாகிக் கண்ணைக் கரிக்கிறது என்று 1950 ஆம் ஆண்டளவில் நிலைநாட்டினார். கலிபோர்னியா மாநிலத்தின் காற்றுவளச் சபைக்கு முதல் தலைவரும் அவரே.

அந்தச் சபைதான் பின்னாளிலே ஒரு சட்டம் கொண்டுவந்தது. புகையைக் குறைக்கும் கருவிகளை வண்டியில் பூட்டினால் மட்டும் போதாது; அவை பழுதுபட்டால் ஓட்டுபவருக்கு அறிவிக்கும் ஒரு காவற்காரனும் வண்டிக்குள்ளேயே இருக்கவேண்டும் என்றது. 1988 ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் தொடக்கம் அங்கே இது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அக்காலத்தில் ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு பாஷை பேசிற்று. 1996 ஆம் ஆண்டு முதல் அமெரிக்கா முழுவதிலும் ஒரே பாஷை, ஒரே இலக்க முறை, ஒரே வடிவான பதினாறு ஊசிச் செருகி என்று ஒழுங்கு செய்யப்பட்டது. ஐரோப்பாவும் 2001 ஆம் ஆண்டில் பெற்றோல் கார்களுக்கு இதைப்போன்ற ஒழுங்கைக் கொண்டுவந்தது. இன்று எமது வீதிகளில் ஓடும் புதிய காலத்துப் பிக்கப் வண்டிகளில், ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே முழங்காலுக்கு எதிரே தடவிப் பார்த்தால் அந்தச் செருகி அகப்படும்.

அச்செருகியிலே கருவியைப் பொருத்தினால் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் தோன்றும். 'பி' என்ற எழுத்து எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் குறிக்கும். அடுத்த இலக்கம் பூச்சியமானால் எல்லாக் கம்பனிக்கும் பொதுவான குறி. ஒன்றானால் பெரும்பாலும் அந்தந்தக் கம்பனியின் சொந்தக் குறி. அதற்கடுத்தது எந்தப் பகுதி என்று சொல்லும்: 1, 2 என்றால் எரிபொருளும் காற்றும், 3 என்றால் எரிபற்றல், 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. கடைசி இரண்டு இலக்கங்கள் குறிப்பிட்ட முறைப்பாட்டைக் காட்டும்.

முறைப்பாடு என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே எழுதினோம். பொலிஸ் நிலையத்திலே ஒருவர் வந்து "என் வீட்டுக் கோழியைக் காணவில்லை" என்று சொல்வது முறைப்பாடு. பக்கத்து வீட்டுக்காரர் திருடினார் என்பது தீர்ப்பு. கோழி நாய் பிடித்தும் போயிருக்கலாம், கூட்டைப் பூட்ட மறந்தும் போயிருக்கலாம். கருவி காட்டும் இலக்கத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பொருளை மாற்றத் தொடங்குவதாலேதான் பணமும் போகிறது, விளக்கும் திரும்ப வருகிறது.

எமது நண்பரின் வண்டி காட்டிய குறி பி 0299. டர்போவினாலே எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தம், கணினி கேட்ட அளவுக்கு வரவில்லை என்பதே அதன் பொருள். "டர்போ பழுது" என்று அதிலே எங்கும் இல்லை.

காற்று போகும் வழி

இங்கே டீசல் வண்டியின் மூச்சைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணாகப் போகாமல், போகிற வழியில் ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுபுறத்தில் இன்னொரு காற்றாடி. இது வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். பாரம் ஏறும்போது இத்தண்டு நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேலும் சுழலக்கூடும். இதுதான் டர்போ. அமுக்கிய காற்றுச் சூடேறுமாதலால், அதை இன்டர்கூலர் என்னும் குளிர்விக்கும் கூட்டினூடாக அனுப்பி, பின்பே எஞ்சினுக்குக் கொடுக்கிறார்கள். டர்போவிலிருந்து கூட்டுக்கும், கூட்டிலிருந்து எஞ்சினுக்கும் காற்றைக் கொண்டுபோவன பருத்த றப்பர்க் குழாய்கள்.

மலைநாட்டு வண்டிக்கு இந்த டர்போ இன்னும் கடினமாக உழைக்கவேண்டும். கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். அந்த உயரத்திலே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏறுவதோ பாரத்தோடு, மூச்சு விடுவதோ மெல்லிய காற்றில். கம்பளை, புசல்லாவை தாண்டி றம்பொடை வளைவுகளில் ஏறிய எவருக்கும், அங்கே பார வண்டிகள் எப்படி முனகும் என்பது தெரிந்ததே.

எஞ்சினின் வாயிலிலே அழுத்தத்தை அளக்கும் ஓர் உணர்கருவி இருக்கிறது. கணினி "இவ்வளவு வேண்டும்" என்று கேட்கும்; உணர்கருவி "இவ்வளவுதான் வந்தது" என்று சொல்லும். இரண்டுக்கும் இடையிலே பெரிய வித்தியாசம் சில விநாடிகள் நீடித்தால், கணினி எஞ்சினுக்குத் தீங்கு நேரக்கூடாதென்று அதன் பலத்தைக் குறைத்துவிடும். வண்டி நொண்டத் தொடங்கும். அதே குறை மறுமுறையும் தோன்றினால் விளக்கு எரியும்.

இப்பொழுது யோசித்துப் பாருங்கள். காற்றழுத்தம் குறைவதற்கு டர்போ தேய்ந்திருப்பது ஒரு காரணம்தான். காற்று வடி அடைபட்டிருக்கலாம். குழாயிலோ கூட்டிலோ ஒழுக்கு இருக்கலாம். டர்போவை ஆளும் சிறு வெற்றிடக் குழாய் வெடித்திருக்கலாம். அதன் இறகுகள் கரிபிடித்து இறுகியிருக்கலாம். உணர்கருவியே பொய் சொல்லலாம். எலி கம்பியைக் கடித்திருக்கலாம்! (கடைசியாகச் சொன்னதை நகைச்சுவை என்று எண்ணவேண்டாம். இரவிலே எஞ்சினின் வெதுவெதுப்பைத் தேடி வரும் எலிகளால் வந்த சில்லறைச் செலவுகளை எமது கராஜ்காரர்கள் நிறையச் சொல்வார்கள்.) இவற்றிலே சில நூறு ரூபாவில் தீர்வன, சில இலட்சக்கணக்கில் தீர்வன. பார்க்கும் ஒழுங்கு மலிவானதிலிருந்து விலையுயர்ந்ததற்குப் போகவேண்டும். எமது நண்பருக்கு அது நேர்மாறாக நடக்க இருந்தது.

கடைக்கணக்குக் கொப்பி

வளையல்களை அடகு வைக்கும் நாளுக்கு முதல் நாள், கம்பளைப் பக்கத்திலே ஒரு வயோதிப பாஸிடம் ஒருமுறை காட்டிவிடுவோம் என்று மனைவி பிடிவாதமாக நின்றார். அந்த பாஸ் பெரிய கராஜ் வைத்திருப்பவரல்லர். தகரக் கொட்டகை, ஒரு காற்றுப் பம்பு, கைத்தொலைபேசியோடு சேர்ந்து வேலைசெய்யும், சில ஆயிரம் ரூபா பெறுமதியான ஒரு சிறு செருகி. அன்று நாமும் கூடப் போயிருந்தோம்.

அவர் வண்டியின் மூடியைத் திறக்கவில்லை. செருகியையும் எடுக்கவில்லை. முதலாவதாக ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இது எப்போ எரியுது?"

"எப்பவும்தான் பாஸ். வந்து வந்து எரியுது."

"எப்பவும் எரிஞ்சா நல்லது. சுலபமாப் புடிச்சிடலாம். வந்து வந்து எரியுறதுதான் கஷ்டம். எந்த எடத்துல, என்ன பாரத்துல?"

கணவர் தலையைச் சொறிந்தார். அப்பொழுது மனைவி கைப்பையிலிருந்து கடைக்கணக்குக் கொப்பியை எடுத்தார். முதற் கராஜுக்குப் பணம் கட்டிய நாளிலிருந்து, செலவோடு செலவாக, விளக்கு எரிந்த நாளையும் இடத்தையும் அந்த அம்மையார் எழுதி வைத்திருந்தார். பதினொரு குறிப்புகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அன்றைக்கு எத்தனை மூட்டை ஏற்றினார்கள் என்பதும் இருந்தது. அது கடைக்கணக்கல்லவா, தானாகவே இருந்தது.

பாஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார். பதினொரு தடவையும் மேலேறும்போதுதான் விளக்கு எரிந்திருந்தது. பதினொரு தடவையும் முழுப் பாரம். வெறும் வண்டியாக இறங்கியபோது ஒருநாளும் எரியவில்லை. பண்டிகைக்கு முந்திய வாரம் இரண்டு நாள் சாமான் தட்டுப்பாட்டால் அரைப் பாரத்தோடு ஏறினார்கள். அந்த இரண்டு நாளும் எரியவில்லை.

"அக்காவுக்கு வேற ஏதாவது தெரிஞ்சுதா? சத்தம், மணம்?"

"சத்தம் ஒண்ணு இருக்குங்க பாஸ். மலைச் சுவர்ப் பக்கமா போகையில, கண்ணாடி எறக்கி வச்சிருந்தா, ஸ்ஸுன்னு ஒரு சீழ்க்கை கேக்கும். இவருகிட்ட சொன்னேன், காத்துன்னுட்டாரு."

"காத்துதான் அக்கா," என்று சிரித்தார் பாஸ். "அவரு சொன்னது சரிதான்."

இந்த இடத்திலே நாம் ஒன்றைச் சொல்லாமற் போக முடியவில்லை. மூன்று கராஜுகளிலும் அந்த அம்மையார் கணவருக்குப் பக்கத்திலேதான் நின்றிருக்கிறார். அவரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டுபவருடைய காது எஞ்சினோடு பழகிப்போய் மரத்துவிடுகிறது. பக்கத்து ஆசனத்தில் இருப்பவருக்கே புதுச்சத்தம் முதலிற் கேட்கிறது. மலைச்சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதனாலே, வெளியிலே வைத்துக் கேளாத ஒலியும் அங்கே கேட்கும்.

அதன்பின்னரே பாஸ் செருகியைப் பொருத்தினார். இலக்கத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்ளவில்லை. குறை தோன்றிய அந்தக் கணத்தில் எஞ்சின் எவ்வளவு வேகத்தில் சுழன்றது, எவ்வளவு பாரம் இழுத்தது, தண்ணீரின் சூடு என்ன என்பவற்றைக் கணினி ஒரு படம்போலப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பதிவைத் திறந்து பார்த்தார். கொப்பியும் கணினியும் ஒரே சாட்சியம் சொல்லின: எஞ்சின் சூடாக இருந்தது; ஏறத்தாழ முழுப் பாரத்தையும் இழுத்துக்கொண்டிருந்தது.

விளக்கை அணைத்துவிட்டால் இந்தப் பதிவும் கூடவே அழிந்துபோகும். பற்றறியின் கம்பியைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பல வண்டிகளில் அணையத்தான் செய்யும். கள்வன் வந்துபோன முற்றத்தை, பொலிஸ் வருமுன் விளக்குமாற்றால் பெருக்கி வைப்பது போன்றது அது.

சவர்க்கார நுரை

பாஸ் அடுத்ததாக எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் மட்டம் குறையவில்லை. "புகை என்ன நிறம்?" என்றார். கறுப்பு என்றார்கள். டர்போவின் உட்பகுதி தேய்ந்து எண்ணெய் உள்ளே கசிந்து எரிந்தால் புகை நீலம் பாரிக்கும். கறுப்புப் புகை வேறு கதை. உள்ளே வரும் காற்றை அளக்கும் கருவி டர்போவுக்கு முன்னாலே இருக்கிறது. அது அளந்த காற்று எஞ்சினைச் சேருமுன் வழியிலே வெளியேறிவிட்டால், டீசல் அதிகமாகவும் காற்றுக் குறைவாகவும் எரிந்து கறுத்துப் புகையும். பின்பு குழாயைக் கழற்றி, டர்போவின் தண்டை இரண்டு விரலாற் பிடித்து மேலுங் கீழும் ஆட்டிப் பார்த்தார். ஆட்டமில்லை. காற்றாடியின் விளிம்பு எங்கும் உரசிய அடையாளமில்லை. வெற்றிடக் குழாய்களும் பழுதில்லை.

"டர்போ நல்லா இருக்கு தம்பி" என்றார். கணவருக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று வாரமாக ஒரு பொருள் செத்துவிட்டது என்று நம்பியிருந்தவருக்கு அது உயிரோடிருக்கிறது என்று சொன்னால் உடனே எப்படி நம்புவார்?

இனி ஒழுக்கைத் தேடவேண்டும். பாஸ் டர்போவின் வாயை ஓர் அடைப்பானால் இறுக்கி, அதிலே பொருத்தியிருந்த டயர் வால்வு வழியாகக் காற்றுப் பம்பினால் மெல்ல மெல்லக் காற்றை ஏற்றினார். ஒரு பையன் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் குழாய்கள் எங்கும் பூசினான். ஐந்து இறாத்தல் அழுத்தம் வரை ஒன்றுமில்லை. எமக்கே சலிப்புத் தட்டியது. பத்து இறாத்தலைத் தாண்டியதும், இன்டர்கூலருக்குப் போகும் குழாயின் அடிப்பக்கத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்திலே, நுரை பொங்கத் தொடங்கிற்று. அம்மையார் கேட்ட அதே சீழ்க்கையும் மெல்லியதாகக் கேட்டது.

குழாயைக் கழற்றி எடுத்துப் பார்த்தோம். மேலே பார்த்தால் ஒரு குறையுமில்லாத குழாய். அடிப்பக்கத்திலே, ஓர் இரும்புத் தாங்கியோடு வருடக்கணக்காக உரசிய இடத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதைச் சுற்றி எண்ணெய்ப் பசையும் தூசியும் சேர்ந்து ஒரு கறுத்த கோடு. கையால் மூடினால் மூடிக்கொள்கிறது. விரலால் அமுக்கினால் உதடுபோலத் திறக்கிறது. வண்டி நிற்கும்போதும் சமதரையில் ஓடும்போதும் அது மூடியிருக்கும். முழுப் பாரத்தோடு மலையேறும்போது டர்போ காற்றை அமுக்கித் தள்ள, அந்த வாய் திறந்துகொள்ளும். மூன்று கராஜுகளும் சமதரையில் நிற்கும் வெறும் வண்டியிலே இந்தக் குறையைத் தேடியிருக்கின்றன!

அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நாம் சொல்லத் துணியோம். முதலிரண்டு இடத்திலும் செய்த வேலை வண்டிக்கு எப்போதாவது செய்யவேண்டிய வேலைதான். ஆனால் குறை தீர்ந்ததா என்று சோதித்துப் பார்க்காமல், விளக்கு அணைந்ததையே குறை தீர்ந்ததற்கு அத்தாட்சியாகக் கொண்டார்கள்.

வருடாந்தப் புகைப் பரிசோதனையிலே இந்த வண்டி தேறியிருந்ததே என்று வாசகர் கேட்கலாம். தேறியிருந்தது உண்மை. அங்கே நிற்கும் டீசல் வண்டியின் எஞ்சினை முடுக்கிப் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். இழுக்கப் பாரமில்லாத எஞ்சினில் டர்போவின் அழுத்தமும் முழுமையாக எழுவதில்லை. வெடிப்பும் வாய் திறப்பதில்லை.

புதுக் குழாய் பூட்டப்பட்டது. டர்போவுக்குக் கேட்ட விலையோடு வைத்துப் பார்த்தால் அந்தச் செலவைச் செலவென்றே சொல்லமுடியாது. தாங்கியிலே மீண்டும் உரசாதபடி பாஸ் ஒரு பழைய டயர்த் துண்டை வெட்டி இடையிலே வைத்துக் கட்டினார். கணவர் அவசரப்பட்டு, "பாஸ், விளக்கை அணைச்சுக் குடுங்க" என்றார்.

"நான் அணைக்க மாட்டேன். அது தானா அணையட்டும்."

இதை அவர் வீம்புக்காகச் சொல்லவில்லை. அந்தக் கணினி முறையின் பொதுவான விதி அது. குறை தோன்றக்கூடிய நிலைமையில் வண்டி ஓடி, கணினி அந்தச் சோதனையை முடித்து, தொடர்ந்து மூன்று ஓட்டங்களிலும் குறை காணப்படாவிட்டால் விளக்கு தானாகவே அணைந்துவிடும். நினைவிலே பதிந்த இலக்கம் மட்டும் இன்னும் பல நாள் இருக்கும். எஞ்சின் நாற்பது தடவை சூடேறி ஆறிய பின்னரே அதுவும் மறையும். அவர்கள் முழுப் பாரத்தோடு மூன்று தடவை றம்பொடை ஏறினார்கள். நான்காம் தடவை சாவியைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டபோது விளக்கு இல்லை.

இனி, வாசகர்கள் தம் வீட்டு வண்டிக்கு உதவக்கூடிய சில விஷயங்களை நாம் கேட்டறிந்தவாறு சொல்லிவிடுகிறோம். மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்து, வண்டியும் வழமைபோல ஓடினால், பதற்றமின்றி வீடுபோய்ச் சேரலாம். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. பெற்றோல் வண்டியிலே அது மினுக்கு மினுக்கென்று மினுங்கினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரிலே எரிபொருள் எரியாமல் வெளியேறுகிறது. அது புகையைச் சுத்திகரிக்கும் கூட்டுக்குள் போய் எரிந்து அக்கூட்டையே உருக்கிவிடக்கூடும். உடனே வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை விரைவில் நிறுத்தவேண்டும். எண்ணெய்க் கிண்ணியின் உருவமுள்ள சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்த வளைவு வரைக்கும்கூடப் போகவேண்டாம், அங்கேயே நிறுத்துக. டீசல் வடியிலே தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு வேறு. அதற்கு வடியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி நீரை வெளியேற்றவேண்டும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு இன்னுமொன்று. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓடவிடுமுன் முன்பலகையைப் பாருங்கள். மஞ்சள் விளக்கு அப்போது கட்டாயம் எரியவேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையவேண்டும். முதலிலேயே எரியாவிட்டால், குறையைத் திருத்தாமல் விளக்கின் கண்ணைக் குத்திவிட்டார்களோ என்று விசாரிப்பது நல்லது.

சென்ற மாதம் அந்தக் கடைக்கு நாம் போயிருந்தோம். வளையல்கள் அம்மையாரின் கையிலேயே இருந்தன. வெடித்த குழாயைக் கணவர் எறியவில்லை. வண்டியின் ஆசனத்துக்குப் பின்னாலே வைத்திருக்கிறார். கொப்பியைக் காட்டச் சொன்னோம். நாலைந்து பக்கம் வரைக்கும் 'விளக்கு இல்லை', 'விளக்கு இல்லை' என்றே இருந்தது. கடைசி வரியில் மட்டும், 'பின் வலது டயர், காற்றுக் குறைகிறது, இரண்டாம் முறை' என்று எழுதியிருந்தார்.